பழவேற்காடு ஏரிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பவை

எனக்கு ஆரம்பாக்கம். வீட்டிலிருந்து ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். மார்கழி பிறந்துவிட்டால் சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள், அவர்களுடைய ஆபீஸ்காரர்கள், பிள்ளைகளின் டீச்சர்கள் என்று யாராவது ஒருவர் போன் செய்து, "பிளமிங்கோ வந்திருச்சா?" என்று ஆரம்பிப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அதே கேள்விகள்தான். நான் பறவை படித்தவன் இல்லை. குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பைனாகுலரோடு ஏரிக்குப் போய் வருகிறவன், அவ்வளவுதான். போனில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லாமல் இருக்க, இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

பழவேற்காடு ஏரி தமிழ்நாட்டுல இருக்கா, ஆந்திராவுலயா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே.

இரண்டிலும்தான். தெற்கு முனை மட்டும் தமிழ்நாடு, திருவள்ளூர் மாவட்டம். பெரும்பகுதி ஆந்திரா. அந்தப் பக்கம் முன்பு நெல்லூர் மாவட்டமாக இருந்தது; 2022 பிரிப்புக்குப் பின் சூலூர்பேட்டை, தடா எல்லாம் திருப்பதி மாவட்டம். ஒரே ஏரியை ஆந்திரா 1976-லும் தமிழ்நாடு 1980-லும் தனித்தனியாகப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. பறவைக்கு எல்லைக் கோடு தெரியாது; நமக்குத்தான் இரண்டு வனத்துறை, இரண்டு போர்டு.

இது நல்ல தண்ணீர் ஏரி இல்லை, உவர்நீர்க் காயல். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய காயல் இதுதான். வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். கிழக்கே கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் தடுப்புச் சுவர் மாதிரி ஸ்ரீஹரிகோட்டா தீவு படுத்திருக்கிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவருகின்றன, முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். இந்த ஒரு மீட்டரை மட்டும் மறந்துவிடாதீர்கள், கீழே நிறைய இடத்தில் வேலைக்கு வரும்.

சென்னையிலேர்ந்து எப்படி வர்றது? எங்க இறங்கணும்?

என்ன பார்க்கணும் என்பதைப் பொறுத்தது. ஏரிக்கு மூன்று வாசல்.

முதல் வாசல் பழவேற்காடு ஊர். பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். முகத்துவாரம், மீன் ஏலம், டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கோட்டையின் மிச்சம், வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்டம் எல்லாம் இங்கே. பறவையில் கடற்கரை ஜாதிகள் அதிகம்: ஆலா, கடல்புறா, உப்புக்கொத்தி, உள்ளான். இரண்டாவது வாசல் சூலூர்பேட்டை. சென்ட்ரலிலிருந்து சூலூர்பேட்டை வரைக்கும் புறநகர் ரயிலே போகிறது, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோ பேசிக்கொண்டு ஸ்ரீஹரிகோட்டா ரோட்டில் கிழக்கே போனால், கொஞ்ச தூரத்தில் இரண்டு பக்கமும் ஏரி. பூநாரைக்கு, அதாவது நீங்கள் கேட்கிற பிளமிங்கோவுக்கு, இந்த வாசல்தான். மூன்றாவது நேலப்பட்டு, சூலூர்பேட்டையிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே 20 கிலோமீட்டர் போல. அது தனிக் கதை, கீழே வருகிறது.

எந்த மாசம் வந்தா பூநாரை கேரண்டி?

கேரண்டி கேட்டால் வண்டலூருக்குப் போங்கள் என்பேன். பொதுவாகச் சொல்கிற "அக்டோபர் முதல் மார்ச் வரை" சரிதான், ஆனால் பாதிதான் சரி. நானே இதில் ஏமாந்தவன். ஒரு வருஷம் பெரியம்மா குடும்பத்தை வேன் வைத்து நவம்பர் கடைசியில் கூட்டிப் போனேன். நல்ல மழை பெய்து முடிந்திருந்தது. ஏரி கடல் மாதிரி நிறைந்து கிடந்தது, எங்கு பார்த்தாலும் தண்ணீர். நாலு நீர்க்காகம், ரெண்டு கொக்கு. "டிவியில அவ்வளவு காட்டினாங்களே, எங்கடா?" என்று பெரியம்மா திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

நடந்தது என்ன என்றால், பூநாரை நின்றுகொண்டு மேய்கிற பறவை. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை தண்ணீர் இருந்தால் அதற்குச் சௌகரியம். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் வந்து ஏரி நிரம்பினால் ஆழம் கூடிவிடும், உப்பும் குறைந்துவிடும். பூநாரைகள் ஓரத்துக்கோ வேறு ஆழம் குறைந்த இடத்துக்கோ போய்விடும். மழை நின்று, வாடைக்காற்றும் வெயிலும் சேர்ந்து தண்ணீரை இறக்க இறக்க, திட்டுகள் தலை காட்டும். அப்போதுதான் கூட்டம் கூட்டமாக ரோட்டுப் பக்கம் வரும். அதனால் மழை குறைந்த வருஷத்தில் டிசம்பரிலேயே கண் நிறையப் பார்க்கலாம். மழை கொட்டித் தீர்த்த வருஷத்தில் ஜனவரி கடைசி, பிப்ரவரி வரை பொறுக்கணும். மார்ச்சுக்குமேல் வடக்குப் பகுதி வற்றத் தொடங்கும். கோடையில் பாதி இடத்தில் உப்புப் பூத்த வெறுந்தரைதான்.

ஆகவே காலண்டரைப் பார்ப்பதைவிட, கிளம்புவதற்கு முந்தின வாரம் சூலூர்பேட்டைப் பக்கம் யாரையாவது கேளுங்கள். "பறவை வந்துச்சா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் "வந்திருக்கு" என்றுதான் சொல்வார்கள். "ரோட்டுக்குப் பக்கத்துல தண்ணி எவ்வளவு நிக்குது, சேறு தெரியுதா?" என்று கேளுங்கள்.

காலையிலயா, சாயங்காலமா?

காலை. ஆறரை மணிக்கு ஏரியில் இருந்தால் உத்தமம். ஒன்பதரைக்குமேல் தண்ணீர்ப் பரப்பில் கானல் எழும்பிவிடும். பிறகு எவ்வளவு விலை கொடுத்த லென்ஸாக இருந்தாலும் பறவை நெளிந்து நெளிந்துதான் தெரியும். நான்கு மணிக்குமேல் மறுபடி தெளியும்.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. சூலூர்பேட்டையிலிருந்து போகிற ரோடு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. காலையில் போகும்போது சூரியன் நேர் முகத்தில், சாயங்காலம் திரும்பும்போதும் முகத்தில். குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் போகும். அதனால் ரோட்டின் வடக்குப் பக்க ஏரியைப் பாருங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், நிறம் தெரியும். தெற்கே பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான்.

பழவேற்காடு ஊர்ப் பக்கம் போனால் மணியைவிட ஓதம் முக்கியம். தண்ணீர் ஏறி நிற்கும்போது உள்ளான்கள் எங்கோ ஒதுங்கிக் கிடக்கும், வற்றும்போது சேற்றில் இறங்கி மேயும். அன்றைக்கு வற்று எத்தனை மணிக்கு என்று படகுத்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஸ்ரீஹரிகோட்டா ரோட்டுல வண்டிய நிறுத்த விடுவாங்களா? போலீஸ் புடிக்குமா?

ஏரிக்கு நடுவில் போகிற பகுதி பொது ரோடு. ஓரமாக நிறுத்திப் பார்க்கலாம், எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். வழியில் அட்டகானிதிப்ப என்ற இடத்தில் வனத்துறையின் இடம் இருக்கிறது. தெலுங்கில் திப்ப என்றால் நம் ஊர்த் திட்டுதான். தீவு தொடங்கும் இடத்தில் விண்வெளி மையத்தின் சோதனைச் சாவடி. அதற்குமேல் அனுமதி இல்லாமல் போக முடியாது, முயற்சியும் வேண்டாம். சாவடிப் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள். டிரோன் எங்கேயும் வேண்டாம். ராக்கெட் ஏவும் நாளில் ரோடு முழுக்கக் கூட்டமும் கெடுபிடியும் இருக்கும். அன்றைக்குப் பறவை பார்க்க வருவது வீண் அலைச்சல்.

வண்டியை முழுதாகத் தாரை விட்டு இறக்கி நிறுத்துங்கள், அந்த ரோட்டில் கம்பெனி பஸ்கள் வேகமாக வரும். ஆனால் ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள். கரைச் சேறு மேலே காய்ந்த அப்பளம் மாதிரி வெடித்திருக்கும், அடியில் களி. என் மச்சான் காரின் முன்சக்கரம் ஒருமுறை பாதி உள்ளே போய், டிராக்டர் வந்துதான் எடுத்தது.

தூரத்துல வெள்ளையா கோடு மாதிரி தெரியுதே, அதுதானா?

பெரும்பாலும் அதுதான். ஆனால் அவசரப்படாதீர்கள். தூரத்தில் நிற்கிற பூநாரை ரோஜா நிறத்தில் இருக்காது, அழுக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். அடையாளம் நிறத்தில் தேடாமல் நிற்கிற விதத்தில் தேடுங்கள். கூட்டமே தலையைத் தண்ணீருக்குள் விட்டபடி மெல்ல நகர்ந்தால் பூநாரை. கழுத்து மெலிந்து கயிறு மாதிரி வளையும், கால் உடம்புக்குப் பொருந்தாத நீளம். எழும்பிப் பறந்தால் சந்தேகமே வராது: சிறகை விரித்ததும் உள்ளே இருக்கும் சிவப்பும், ஓரத்துக் கறுப்பும் ஒரே நேரத்தில் திறக்கும்.

அடிக்கடி ஏமாற்றுவது சங்குவளை நாரை. மஞ்சள் மூக்கு, வால் பக்கத்தில் ரோஜா நிற இறகு. போட்டோ எடுத்துக்கொண்டு வந்து "பிளமிங்கோ" என்று காட்டுவார்கள். பூநாரையின் அலகு நடுவில் ஒடிந்தது மாதிரி கீழே வளைந்திருக்கும், நாரையின் அலகு நீளமாக இருந்து நுனியில் மட்டும் லேசாகச் சாயும். குண்டாக, சாம்பல் கலந்த வெள்ளையாக, தண்ணீரில் மிதந்துகொண்டு இருந்தால் அது கூழைக்கடா, அதாவது பெலிகன். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் உயரம் குறைந்து நிற்பவை வேறு ஜாதி இல்லை, பூநாரைக் குஞ்சுகள்தான். நிறம் ஏற அவற்றுக்கு இரண்டு மூன்று வருஷமாவது ஆகும்.

இதெல்லாம் ஆஸ்திரேலியாவுலேர்ந்து வருதாமே?

இந்த ஆஸ்திரேலியாவை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, எந்த ஏரிக்குப் போனாலும் ஒருவர் சொல்கிறார். அங்கிருந்து இங்கே குளிர்காலம் கழிக்க வாத்தோ பூநாரையோ வருவதில்லை. நமக்குக் குளிர்காலம் என்றால் அவர்களுக்குக் கோடை; அதை விட்டுவிட்டு ஏன் கிளம்பணும்?

வருகிறவை வடக்கிலிருந்து வருகின்றன. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை இவையெல்லாம் சைபீரியா, மத்திய ஆசியாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே தண்ணீர் உறைவதற்கு முன் கிளம்புகிறவை. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட பட்டைத்தலை வாத்து திபெத், மங்கோலியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிறது. பூநாரை அவ்வளவு தூரத்து ஆளே இல்லை. இந்தியாவில் அது பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச் ரண். கூழைக்கடா அதைவிட உள்ளூர். தென்னிந்தியாவுக்குள்ளேயே தண்ணீர் இருக்கும் இடம் பார்த்து மாறிக்கொண்டிருக்கும். வெளிநாட்டுப் பறவை என்று சொன்னால்தான் பார்க்க வருவோம் என்பது நம் பழக்கம், பறவையின் குற்றம் இல்லை.

தலைய கவுத்துக்கிட்டு என்னதான் பண்ணுது? ஏன் ஒத்தக் கால்ல நிக்குது?

பூநாரை அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கைப் பம்பு மாதிரி அசைத்து, சேற்றுத் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போல வரிசை இருக்கிறது. தண்ணீர் போய்விடும், சின்ன இறால் வகைகளும் புழுவும் பாசியும் உள்ளே நின்றுவிடும். அந்த இரையில் இருக்கும் நிறமிதான் இறகில் ஏறுகிறது. காரட்டில் இருக்கும் அதே வகை நிறமி.

ஒரு பிப்ரவரி காலையில் இதன் இன்னொரு பாதியைப் பார்த்தேன். ரோட்டுக்கு இருபதடி தள்ளித் தண்ணீர் வற்றிய சேற்றில் வட்டம் வட்டமாகப் பள்ளம், தோசைக்கல் அளவில், நடுவில் மட்டும் மேடு. யாரோ குச்சியால் கோலம் போட்ட மாதிரி. பிறகு தள்ளி நின்ற பூநாரையைப் பார்த்தபோதுதான் புரிந்தது. தலையை ஒரே இடத்தில் ஊன்றி, அதைச் சுற்றிச் சுற்றிக் காலால் மிதிக்கிறது. சேறு கலங்கி இரை மேலே வருகிறது. தண்ணீர் இறங்கியபின் அந்த மிதித்த வட்டம் மட்டும் மிச்சம். நீங்களும் கரையோரம் தேடிப் பாருங்கள். பறவை போய்விட்ட நாளிலும் பார்க்க ஏதாவது இருக்கும்.

ஒற்றைக் கால்: அதற்கு அது சிரமமே இல்லை. அப்படி நிற்கும்போது உடம்பு எடையிலேயே கால் நிலைத்துக்கொள்கிறது, தசைக்கு வேலை குறைவு. என் அண்ணன் மகன் கேட்டுவிட்டு அரை மணி நேரம் அப்படியே நின்று பார்த்தான், அவனுக்குத்தான் கால் வலி.

நேலப்பட்டுக்குத் தனியா போகணுமா? அதே பறவைதானே?

போகணும். ஏரி சாப்பிடும் இடம், நேலப்பட்டு பிள்ளை வளர்க்கும் இடம். வேடந்தாங்கல் போயிருந்தால் உடனே புரியும்: தண்ணீர் நிற்கும் ஏரி, அதற்குள் நீர்க்கடம்பு மரங்கள், மரத்துக்கு மரம் கூடு. சுமார் 459 ஹெக்டேர்தான். ஆனால் தென்னிந்தியாவில் கூழைக்கடா கூடு கட்டும் முக்கியமான இடங்களில் ஒன்று. உலக அளவில் எண்ணிக்கை குறித்துக் கவலைப்பட வேண்டிய பறவைகளின் பட்டியலில் கூழைக்கடாவும் இருக்கிறது. கூடவே நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன்.

இங்கே கண்காணிப்புக் கோபுரம் இருப்பதால் பைனாகுலர் இல்லாவிட்டாலும் பறவை தெரியும். டிசம்பர், ஜனவரியில் போனால் குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் தலையை முழுக்க விட்டுத் தின்பதைப் பார்க்கலாம். விழுங்கிவிடுமோ என்று பிள்ளைகள் கத்துவார்கள். தாய்ப் பறவைகள் இரை பிடிக்கப் போவது பெரும்பாலும் பழவேற்காடு ஏரிக்குத்தான். எனவே மேலே சொன்ன மழைக் கணக்கு இங்கே தலைகீழ். நல்ல மழை பெய்து மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் கூடு கட்டும். பூநாரைக்கு மோசமான வருஷம் கூழைக்கடாவுக்கு நல்ல வருஷமாக இருக்கலாம்; பெரியம்மாவை அன்று நான் இங்கே கூட்டி வந்திருக்கணும்.

படகுல போய்ப் பக்கத்துல பாக்கலாமா?

பறவை பார்ப்பதற்காக என்றால் வேண்டாம். படகுச் சத்தத்துக்குப் பூநாரை அரைக் கிலோமீட்டருக்கு முன்பே எழும்பிவிடும், நீங்கள் காலிச் சேற்றைப் பார்த்துவிட்டு வரணும். ரோட்டில் வண்டிக்குள் உட்கார்ந்து பார்ப்பதுதான் ஆகப் பக்கம். வண்டிக்குப் பழகியிருக்கிறது, ஆளுக்குப் பழகவில்லை.

பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் ஏற்றிக்கொண்டு போவதாக யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 2011 டிசம்பர் 25-ஆம் தேதி உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ஒரு மீட்டர் ஏரிதானே என்று நினைக்கக்கூடாது. முகத்துவாரத்தில் கடலும் ஏரியும் மோதும் இடத்தில் அந்தச் சராசரி செல்லாது. அரசு அனுமதியோடு, உயிர்காப்புச் சட்டை கொடுத்து ஓட்டுகிற படகு மட்டும். சட்டை இல்லை என்றால் இறங்கிவிடுங்கள்.

பிளமிங்கோ திருவிழாவுக்கு வரலாமா?

சூலூர்பேட்டையில் 2001 முதல் நடக்கிறது, வழக்கமாக ஜனவரி ஒட்டி. சில வருஷம் விட்டுப்போனது, 2025-இல் மறுபடி நடந்தது. மேடை, ஆட்டம் பாட்டு, கடைகள், பள்ளிப் பிள்ளைகள் என்று ஊரே களை கட்டும். திருவிழா பார்க்க வாருங்கள். பறவை பார்க்க அதற்கு அடுத்த வாரம் வாருங்கள்.

தெலுங்கு தெரியாதே, சமாளிக்க முடியுமா?

தடா, சூலூர்பேட்டை எல்லாம் தமிழ் புரியும். ஆட்டோக்காரர்கள் உங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்கள், வாடகை பேசும்போது மட்டும் தெலுங்கு வந்துவிடும். நேலப்பட்டுக் கிராமத்தில் "கூடபாத்து" என்று சொல்லிப் பாருங்கள், கூழைக்கடாவுக்கு அங்கே அதுதான் பேர்.

பாத்ரூம், சாப்பாடு? குழந்தைங்க வர்றாங்க.

ஏரி ரோட்டில் நிழலும் இல்லை, கழிப்பறையும் இல்லை. சூலூர்பேட்டையிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். தொப்பி, தண்ணீர் கட்டாயம். டிபன் கடைகள் ஊருக்குள் காலை ஆறு மணிக்கே திறந்திருக்கும். காரச் சட்னியைப் பிள்ளைகளுக்கு முதலில் தொட்டுக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

பைனாகுலர் எது வாங்கறது? 20 மடங்கு பெருசா காட்டும்னு ஒண்ணு பாத்தேன்.

வாங்காதீர்கள். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் கூடும். ஏரியில் காற்று வேறு. 8 மடங்கு, 42 மில்லிமீட்டர் கண்ணாடி என்று போட்டிருப்பது போதும். அதையும் வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் வாங்கி ஒருநாள் கழுத்தில் மாட்டிப் பாருங்கள். ரொம்ப தூரத்துக் கூட்டத்துக்கு முக்காலியில் வைக்கும் ஸ்கோப் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் அப்படி ஒன்று வைத்திருப்பவர் யாராவது இருப்பார், சும்மா கேளுங்கள், காட்டுவார்கள். பறவை பார்ப்பவர்களுக்குக் காட்டுவதில்தான் பாதிச் சந்தோஷம்.

கை தட்டினா, ஹாரன் அடிச்சா பறக்குமே, அழகா இருக்குமே. ஒரு தடவைதானே?

உங்களுக்கு ஒரு தடவை. அன்றைக்கு ரோட்டில் வந்த ஐம்பது வண்டியும் அதே ஒரு தடவை. பிப்ரவரி, மார்ச்சில் இந்தப் பறவைகள் திரும்பும் பயணத்துக்கு உடம்பில் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கும். மேய்கிற நேரத்தில் எழுப்பிவிட்டால் சேர்த்ததைச் செலவழித்துவிட்டு இன்னொரு திட்டைத் தேடணும். சட்டப்படியும் சரணாலயத்தில் வன உயிரைத் தொந்தரவு செய்வது குற்றம், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. பறக்கும் படம்தான் வேண்டும் என்றால் காத்திருங்கள். மேலே ஒரு பருந்து வந்தால் போதும், தானே எழும்பும்.

மீனவர்கள் வலை போடறதாலதான் பறவை குறையுதுன்னு ஒருத்தர் சொன்னார். நிஜமா?

இதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். இந்த ஏரி சரணாலயம் ஆவதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே அவர்கள் இங்கே பிழைக்கிறார்கள். எந்தக் கிராமம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்குப் "பாடு" என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தலைக்கட்டு கூடிச் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வார்கள். ஒரே இடத்தை எல்லாரும் சேர்ந்து அரித்துவிடாமல் இருக்க அவர்களே போட்ட கட்டுப்பாடு அது. வலையும் இல்லாமல், இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் குனிந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட பனையோலைப் பறி. கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். பூநாரை அலகால் செய்வதை இவர்கள் விரலால் செய்கிறார்கள், இறால் மட்டும் கொஞ்சம் பெரிசு.

ஏரிக்கு நிஜமான தொல்லை வேறு. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் படிந்து ஆழம் குறைகிறது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கோடையில் அடைத்துக்கொள்கிறது; அடைத்தால் மீனும் இறால் குஞ்சும் கடலிலிருந்து உள்ளே வர முடியாது, தண்ணீர் வற்றி உப்பு ஏறும். அப்போது மீனவரும் பறவையும் சேர்ந்துதான் பட்டினி. முகத்துவாரத்தைத் தூர் வாரச் சொல்லி மனுக் கொடுத்துக்கொண்டிருப்பது யார் என்று பழவேற்காட்டில் விசாரித்துப் பாருங்கள்.

செத்த பறவை கெடந்தா என்ன பண்றது?

தொடாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். இடத்தைக் குறித்து வனத்துறையிடம் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேல் கிடந்தால் உடனே.

"பத்தாயிரம் பூநாரை" ன்னு எழுதறாங்களே, யார் எண்ணினது? நம்மால எண்ண முடியுமா?

முடியும், பழகணும். கண்ணால் முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து பைனாகுலரில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு, அதே அளவைப் பத்து முறை நகர்த்தினால் நூறு. பிறகு அந்த நூறை அளவாக வைத்து மிச்சக் கூட்டத்தை அளக்கணும். நெருக்கமாக நிற்கும் இடத்தில் குறைவாகவும், சிதறி நிற்கும் இடத்தில் அதிகமாகவும் எண்ணிவிடுவோம். அதனால் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, அதற்குப் பின் வாய் திறக்கணும். முதல் நாள் நானும் நண்பரும் ஒரே கூட்டத்தை எண்ணினோம். எனக்கு 640, அவருக்கு 1,100. இப்போது ஐம்பது நூறுக்குள் வந்துவிடுகிறோம்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 1987 முதல். ஆர்வமுள்ள சாதாரண ஆட்கள் சேர்ந்துதான் எண்ணுகிறார்கள். விடிவதற்கு முன் எழுந்து வரத் தயார் என்றால் ஒரு குழுவோடு ஒட்டிக்கொள்ளலாம். நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள். ஏரிக் காற்றில் ஈரம் பட்டால் பேனா எழுதாது, போன் திரையோ வெயிலில் தெரியவே தெரியாது.